சேட்டையை அடக்க வேண்டாம், இடம் மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தை வளர்ப்பு பற்றிப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் இரண்டே வகை. எதை வாங்கிக் கொடுத்தால் அறிவு வளரும் என்பது ஒன்று. எதைச் சொன்னால் பிள்ளை அடங்கும் என்பது இன்னொன்று. ஒன்றரை வயதுப் பிள்ளை அலமாரியைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் தரையில் இறைத்துவிட்டு, காலிப் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்கும்போது இரண்டுமே கைகொடுப்பதில்லை. "ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குது" என்று சலித்துக்கொள்ளும் வீடுகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எட்டு ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளோடு நாள் முழுக்க இருப்பவர்களுக்கு உதவக்கூடிய விவரங்கள் மட்டும்தான் இதில் இருக்கின்றன. கடிதம் நீண்டுவிட்டது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் என் அபிப்பிராயங்களை வெட்டுங்கள். அளவுகளில் கை வைக்காதீர்கள்.

சேட்டை என்று நாம் மொத்தமாகப் பேர் வைத்திருப்பதைப் பிரித்துப் பார்த்தால் ஏழெட்டுக் காரியங்கள்தான் தேறும். எறிவது, கொட்டுவது, நிரப்புவது, ஏறுவது, உருட்டுவது, ஒளிவது, ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது. எந்தப் பிள்ளையும் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்வதில்லை. சில வாரங்களுக்கு ஒரு காரியம் பித்துப் பிடித்ததுபோல் நடக்கும். அப்புறம் அது தானாகக் கழன்றுபோய் வேறொன்று வரும். இப்போது உங்கள் வீட்டில் எது ஓடிக்கொண்டிருக்கிறது என்று அரை நாள் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. அந்தக் காரியத்தை நிறுத்த நம்மால் ஆகாது. எந்தப் பொருளைக்கொண்டு, எந்த இடத்தில் என்பதை மாற்றலாம்.

எறிவதையே எடுத்துக்கொள்வோம். எட்டு ஒன்பது மாதக் குழந்தை உயர நாற்காலியிலிருந்து ஸ்பூனைக் கீழே போடும், எட்டிப் பார்க்கும், நீங்கள் எடுத்துக் கொடுத்ததும் மறுபடி போடும். கண்ணுக்கு மறைந்த பொருள் இன்னும் இருக்கிறதா என்ற கேள்வி அதற்கு அப்போதுதான் முளைக்கிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே தம் மூன்று குழந்தைகளைக் கூர்ந்து பார்த்துத்தான் இந்தப் பருவத்தை விவரித்தார். விழும்போது வரும் சத்தம் அதற்கு இன்னொரு ருசி. பெரியவர் எத்தனை தடவை குனிவார் என்பது மூன்றாவது. ஸ்பூனைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். கழுத்தைச் சுற்றி வரும் நீளத்தில் எந்தக் கயிறும் இந்த வயதுக் குழந்தையின் பக்கத்தில் இருக்கக் கூடாது. அதற்குப் பதிலாக நாற்காலியின் கீழே ஒரு பக்கம் தட்டும், ஒரு பக்கம் மடித்த துணியும் வையுங்கள். ஒன்றில் விழுந்தால் சத்தம் வரும், இன்னொன்றில் வராது. கையில் மூன்றே பொருள். மூன்றும் விழுந்ததும் கையை விரித்து "தீர்ந்துபோச்சு" என்று காட்டிவிட்டுக் குழந்தையை இறக்கிவிடுங்கள். நாலாவது தடவை குனிந்தால் நாற்பதாவது தடவையும் குனிய வேண்டியிருக்கும்.

ஒன்றரை வயதுக்கு மேல் கையை ஓங்கி எறிய ஆரம்பிக்கும். காலுறை ஜோடிகளை ஒன்றுக்குள் ஒன்று சுருட்டினால் பந்து ரெடி. ஆறு முதல் எட்டுப் பந்து போதும். துணிக்கூடையை வைத்து, அரை மீட்டர் தள்ளித் தரையில் ஒட்டும் டேப்பால் ஒரு கோடு போடுங்கள். நாலைந்து விழ ஆரம்பித்ததும் கோட்டை ஒரு அடி பின்னால் நகர்த்துங்கள். முதல் நாளே தூரமாகக் கோடு போடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. மூன்று பந்து தவறியதும் பிள்ளை கூடையையே தூக்கி எறிந்துவிடும். செய்தித்தாளைக் கசக்கிப் பந்து செய்தால் மேலே ரப்பர் பேண்டு போடாதீர்கள். கழன்ற ரப்பர் பேண்டு நேரே வாய்க்குத்தான் போகும். கனமான பொருளை ஓங்கினால் கையை மெதுவாகப் பிடித்து, "இது எறியறதுக்கு இல்ல, இந்தா, இதை எறி" என்று அதே மூச்சில் மாற்றுப் பொருளைக் கொடுக்க வேண்டும். "இரு, கொண்டுவரேன்" என்று அடுத்த அறைக்குப் போனால் காரியம் கெட்டது. ஆகவே கூடை எப்போதும் நடமாடும் இடத்திலேயே கிடக்கட்டும்.

அலமாரியைக் காலிசெய்யும் பருவத்துக்கு வைத்தியம் இன்னும் சுலபம். சமையலறையில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கீழ் டிராயரைப் பிள்ளைக்கென்று விட்டுவிடுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா நாலு, மரக்கரண்டி, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், ஒரு துண்டுத் துணி. இதில் மூடிதான் முக்கியம். எந்த மூடி எந்த டப்பாவுக்கு என்று தேடுவதில் பத்து நிமிடம் போகும். உடையும் பொருளும் மருந்தும் சுத்தம் செய்யும் திரவங்களும் இடுப்புயரத்துக்கு மேல், பூட்டுள்ள அலமாரிக்குப் போக வேண்டும். "தொடாதே" என்று சொல்ல வேண்டிய பொருள் கண்முன்னால் குறைந்தால் அந்தச் சொல்லுக்கு மரியாதை கூடும். ஒரு நாளில் நூறு தடவை கேட்கும் "கூடாது" குழந்தைக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி. சூடு, மின்சாரம், கூர்மை, தெரு என்று நாலைந்துக்கு மட்டும் அதை ஒதுக்கிவைத்தால் உண்மையான ஆபத்தில் அது வேலைசெய்யும்.

இன்னொன்று: பிள்ளையின் உயரத்துக்கு மண்டியிட்டு வீட்டை ஒரு சுற்று தவழ்ந்து பாருங்கள். நின்றபடி பார்க்கும்போது தெரியாத மேசை முனை, தொங்கும் சார்ஜர் வயர், சோபாவுக்கு அடியில் உருண்டுபோன மாத்திரை எல்லாம் தெரியும். கதவில் விரல் நசுங்காமல் இருக்கத் தடிமனான துண்டு ஒன்றைக் கதவின் மேல் விளிம்பில் மடித்துப் போட்டுவிட்டால் கதவு முழுக்க மூடாது. செலவில்லாத ஏற்பாடு.

ஊற்றும் பித்து வந்தால் பலரும் பயப்படுவது தரை நனையுமே என்றுதான். விளிம்பு உயர்ந்த பெரிய ட்ரே, அதற்கு அடியில் விரித்த துண்டு, இரண்டு கோப்பை, ஒரு புனல், ஒரு ஸ்பாஞ்ச். தண்ணீர் அரை லிட்டர். அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். சிந்தினாலும் அரை லிட்டர்தானே சிந்தும் என்ற நிம்மதி இருந்தால்தான் பெரியவரால் பேசாமல் உட்கார்ந்திருக்க முடியும். ஒரு சொட்டு நிறம் சேர்த்தால் தண்ணீர் எங்கே போகிறது என்று பிள்ளைக்குத் தெளிவாகத் தெரியும். கோப்பை ஒளிபுகுவதாக இருந்தால் நிரம்பி வழியப்போவதை முன்கூட்டியே பார்க்கும்; ஓரிரு வாரத்தில் நிறுத்தவும் கற்றுக்கொள்ளும். கடைசியில் ஸ்பாஞ்சைக் கொடுத்து ட்ரேயை உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான்.

தண்ணீர் விஷயத்தில் தளர்வே கூடாத இடம் ஒன்று உண்டு. சில சென்டிமீட்டர் தண்ணீரிலேயே சிறு குழந்தை மூழ்கிவிடும். உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் கைகளை ஊன்றி மேலே வர அதற்குப் பலம் போதாது. சத்தமும் வராது. ஆகவே வாளி, டப், குளியலறைத் தொட்டி எதுவானாலும் வேலை முடிந்த நிமிடமே கவிழ்த்துவிட வேண்டும். பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அழைப்புமணி அடித்தால் ஈரத்தோடு தூக்கிக்கொண்டு போங்கள். குளிப்பாட்ட முதலில் குளிர்ந்த நீர், பிறகு சுடுநீர் என்ற வரிசை. கலந்தபின் முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். 37 அல்லது 38 டிகிரி செல்சியஸ் சரியான சூடு. பிழிந்தால் தண்ணீர் பீய்ச்சும் ரப்பர் பொம்மைகளின் உள்ளே நீர் தங்கிக் கரும்பூஞ்சை பிடிக்கும். ஓட்டையில்லாத பொம்மைதான் குளியலுக்குச் சரி.

ஏறுவதைத் தடுக்கவே முடியாது; ஏற விடுவதற்கு முன்னால் இறங்கக் கற்றுக்கொடுங்கள். கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, காலை முதலில் கீழே விடச் செய்து, "கால் முன்னாடி" என்று ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு சொற்களைச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து நாளில் பிடித்துக்கொள்ளும். சோபா குஷன்களைத் தரையில் அடுக்கி மலையாக்கிவிட்டால் அலமாரி தப்பிக்கும். டிராயர் வைத்த மேசை, புத்தக அலமாரி, டிவி மூன்றையும் சுவரோடு பட்டை போட்டு இறுக்குவது அவசியம். பிள்ளை டிராயர்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் படிக்கட்டுபோல் ஏறும்போது எடை முழுக்க முன்பக்கம் வந்து மொத்த மேசையும் சாயும். கைப்பிடிச் சுவர், மாடிப்படிக் கம்பிகளில் இடைவெளி 10 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்வதுதான் அங்கே வருகிற வினை.

இனி ரொம்ப நேரம் உட்கார வைக்கும் ஒரு பொருள்: பிசையும் மாவு. கடையில் வாங்குவதைவிட வீட்டில் செய்வதே மேல், சூடான மாவைத் தொடும் சுகம் அதில்தான் கிடைக்கும். மைதா 2 கப், பொடி உப்பு அரை கப், க்ரீம் ஆஃப் டார்ட்டர் (கேக் செய்யப் பயன்படும் புளிப்புத் தூள்) 2 மேசைக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, கொதிக்கும் தண்ணீர் ஒன்று முதல் ஒன்றேகால் கப். உலர்ந்தவற்றை முதலில் கலந்து, எண்ணெய் விட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கரண்டியால் கிளற வேண்டும். இதுவரை பெரியவர் வேலை. கை பொறுக்கும் சூடு வந்தபின் ஐந்து நிமிடம் பிசையும்போது பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம். கையில் ஒட்டுகிறதே என்று உடனே மாவைக் கொட்டினால் மறுநாள் வெடிப்பு விடும். ஆவி போகும்வரை பொறுங்கள், பெரும்பாலும் ஒட்டல் தானே நின்றுவிடும். சொரசொரப்பாக இருந்தால் கல்லுப்பைச் சரியாகப் பொடிக்கவில்லை என்று அர்த்தம். க்ரீம் ஆஃப் டார்ட்டர் மாவுக்கு இழுவை கொடுத்துக் கெடாமல் காக்கிறது. கிடைக்காவிட்டால் எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி விடலாம், ஆனால் அத்தனை நாள் வராது. காற்றுப்புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் சில வாரம் நன்றாக இருக்கும். வாடை மாறினாலோ புள்ளி விழுந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எதைக் கண்டாலும் வாயில் போடும் பருவம் முடியாத பிள்ளைக்கு இந்த மாவு வேண்டாம். ஒரு நக்கு நக்கினால் ஒன்றுமில்லை. உருண்டையாக விழுங்கினால் உள்ளே போகும் உப்பு அந்தச் சின்ன உடம்புக்கு மிக அதிகம். நாய் வளர்க்கும் வீடாக இருந்தால் அதற்கும் எட்டக் கூடாது. மாவோடு அச்சு, பிளாஸ்டிக் கத்தி, உருளை எல்லாவற்றையும் முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். முதல் நாள் வெறும் கை. மூன்றாம் நாள் ஒரு முள்கரண்டி. குத்தினால் நாலு ஓட்டை விழுகிறது என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு மாலை போய்விடும்.

சோப்புக் குமிழிக்கும் அளவு உண்டு. தண்ணீர் 6 கப், பாத்திரம் கழுவும் திரவம் 1 கப், கிளிசரின் 1 மேசைக்கரண்டி. நுரை வராமல் மெதுவாகக் கலக்கி ஓர் இரவு மூடிவைக்க வேண்டும். நுரையை முக்கி எடுத்தால் குமிழி நிற்காது. வறண்ட காற்றில் குமிழியின் மெல்லிய படலத்திலிருந்து நீர் சீக்கிரம் ஆவியாகி உடைந்துபோகும். கிளிசரின் அதைத் தாமதப்படுத்துகிறது. மழை விட்ட பிறகும் அதிகாலையிலும் குமிழி பெரிதாக வருவதன் காரணமும் காற்றின் ஈரப்பதம்தான். இரண்டு வயதுப் பிள்ளை ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிடும். அதற்கு ஓட்டைக் கரண்டியை முக்கிக் கொடுத்து வீசச் சொல்லுங்கள், ஒரே வீச்சில் இருபது குமிழி. வீட்டுக்குள் மட்டும் வேண்டாம், தரை வழுக்கிப் பெரியவர்தான் விழுவார்.

பொம்மை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். குறைவாக வெளியே வையுங்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் செய்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒன்றரை முதல் இரண்டரை வயதுள்ள 36 குழந்தைகளுக்கு ஒரு தடவை 4 பொம்மையும் இன்னொரு தடவை 16 பொம்மையும் கொடுத்துப் பார்த்தார்கள். நாலு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பலவிதமாக விளையாடின. வீட்டில் செய்வதற்கு எளிய வழி: எல்லாவற்றையும் மூன்று பெட்டியாகப் பிரித்து ஒன்றை மட்டும் வெளியே வைத்து, பத்து நாளுக்கு ஒரு தடவை மாற்றுவது. உள்ளே போய்விட்டு வரும் பழைய பொம்மை புதுசாகத் தெரியும். எந்நேரமும் கட்டிப்பிடித்திருக்கும் ஒரு துணிப்பொம்மை இருந்தால் அதை மட்டும் பெட்டிக்குள் போடாதீர்கள். அந்தக் கணக்கில் அது சேராது.

வீட்டில் இருக்கவே கூடாத சிலவும் உண்டு. பட்டன் பேட்டரி முதலாவது. காசு மாதிரி வட்டமாக, ரிமோட்டிலும் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையிலும் இருக்கும். விழுங்கியது உணவுக்குழாயில் சிக்கினால் அதைச் சுற்றி மின்னோட்டம் உண்டாகி, காரப்பொருள் உருவாகி, 2 மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். அழுகை, வலி எதுவும் இல்லாவிட்டாலும் சந்தேகம் வந்த உடனே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். வாந்தி எடுக்கவைக்க முயலக் கூடாது. ஆணி முடுக்கிய மூடி இல்லாத எந்தப் பேட்டரிப் பொம்மையும் வேண்டாம். குட்டிக் காந்த உருண்டைகள் இரண்டு உள்ளே போனால் குடலின் இரு மடிப்பை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண ஜெல் மணிகள் வயிற்றுக்குள்ளும் ஊறும், பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. பலூன் உடைந்த துண்டை அந்த நொடியே பொறுக்கிவிடுங்கள். தொண்டையில் படிந்தால் எடுப்பது கடினம். முழு திராட்சையும் அப்படித்தான், நீளவாக்கில் நாலாக நறுக்கினால்தான் கொடுக்கலாம்.

அப்பாவும் பிள்ளையும் உருண்டு புரள்வது நல்ல விளையாட்டு. ஆனால் கையைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றுவதும், இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து "ஒண்ணு ரெண்டு மூணு" என்று தூக்குவதும் வேண்டாம். ஐந்து வயதுக்குள் முழங்கை மூட்டில் எலும்பின் தலையை வளையமாகப் பிடித்திருக்கும் நார் தளர்வாக இருக்கும். ஒரே வெட்டு இழுப்பில் எலும்பு அதிலிருந்து நழுவிவிடும். வீக்கம் இருக்காது, பிள்ளை கையை லேசாக மடித்து உடம்போடு வைத்துக்கொண்டு அசைக்க மறுக்கும். தெரிந்த மருத்துவர் சில நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். நீங்கள் முறுக்கிப் பார்க்காதீர்கள். தூக்குவதென்றால் எப்போதும் அக்குளுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துத் தூக்குங்கள். கிச்சுகிச்சு மூட்டும்போது பிள்ளை சிரித்துக்கொண்டே "போதும்" என்றால் உடனே நிறுத்துங்கள். சிரிப்பு அனிச்சையாக வருவது, சொல்தான் கணக்கு. நிறுத்தினால் பெரும்பாலும் "மறுபடி" என்று அதுவே கேட்கும்.

பூங்காவில் நல்லெண்ணத்தால் நடக்கும் விபத்து ஒன்று. பயந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர் சறுக்கு மரத்தில் சறுக்குவது. பிள்ளையின் செருப்பு விளிம்பிலோ தளத்திலோ ஒட்டி நிற்கும். பெரியவரின் எடை நிற்காமல் கீழே போகும். நடுவில் கால் முறுகி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். தனியாகச் சறுக்கினால் கால் மாட்டினாலும் அந்தச் சின்ன எடைக்கு நின்றுவிடும். பக்கத்தில் நின்று இடுப்பைப் பிடித்துக் கூடவே நடந்து வாருங்கள். துணிந்து ஏறாத பிள்ளையை ஏற்றிவிடவும் வேண்டாம்.

கண்ணாமூச்சிக்கு ஒரே ஒரு விதி: எங்கே ஒளியக் கூடாது என்பதை ஆட்டத்துக்கு முன்னால் நடந்து போய் ஒவ்வொன்றாகக் காட்டுவது. துணி துவைக்கும் இயந்திரம், பெட்டி, குளிர்பெட்டி, கார் டிக்கி. உள்ளிருந்து திறக்க முடியாத எதிலும் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். மூன்று வயதுப் பிள்ளை திரைச்சீலைக்குப் பின்னால் தலையை மட்டும் மறைத்துக்கொண்டு காலை வெளியே நீட்டியிருக்கும். நீங்கள் உடனே கண்டுபிடிக்காமல் "மேசைக்கு அடியிலயா? இல்லையே" என்று சத்தமாகத் தேடிக்கொண்டு வாருங்கள். அடக்க முடியாத சிரிப்பு அதையே காட்டிக்கொடுக்கும்.

வேலையும் பார்க்க வேண்டும், பிள்ளையையும் பார்க்க வேண்டும் என்ற இழுபறிதான் வீடுகளில் பெரிது. வேலையை ஆரம்பிக்கும் முன் பத்து நிமிடம் தரையில் உட்காருங்கள். கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். ஆட்டத்தைப் பிள்ளை நடத்தட்டும், நீங்கள் பின்னாலேயே போங்கள். "இது என்ன கலர்? எத்தனை இருக்கு?" என்ற பரீட்சை வேண்டாம். கேள்வி கேட்டால் பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். "ஓ, சிவப்பு மேல நீலம் ஏறிடுச்சு" என்று நடப்பதைச் சொன்னால் போதும். அந்தப் பத்து நிமிடம் நிறைவாகக் கிடைத்த பிள்ளை அடுத்த இருபது நிமிடம் தனியாக விளையாட வாய்ப்பு அதிகம். முதலில் வேலை, மிச்ச நேரத்தில் பிள்ளை என்று திருப்பிப் போட்டால் வேலை நெடுகக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

வேலையிலேயே சேர்த்துக்கொள்வது இன்னும் நல்லது. கைக்குட்டை அளவுக்கு வெட்டிய நிஜத் துணி, வெறும் தண்ணீர் நிரப்பிய சிறிய ஸ்பிரே பாட்டில். விசை இறுக்கமாக இருந்தால் இரண்டு கையாலும் அழுத்தும். அதுவே கைக்குப் பயிற்சி. காலுறை ஜோடி சேர்ப்பது, ஸ்பூன்களைத் தட்டில் பிரித்து வைப்பது போன்ற வேலைகளில் எப்போது முடிந்தது என்று பிள்ளைக்கே தெரியும். "வீட்டைச் சுத்தம் பண்ணு" என்றால் தெரியாது. அது துடைத்த இடத்தை அதன் கண்முன்னாலேயே நீங்கள் மறுபடி துடைக்காதீர்கள். தூங்கியபின் துடைத்துக்கொள்ளலாம்.

விளையாட்டை நிறுத்தும் நேரம்தான் அழுகை நேரம். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பதற்கு மூன்று வயதில் அர்த்தம் கிடையாது. "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டுக் கிளம்பலாம்" என்றால் புரியும். இரண்டு என்று சொன்னால் இரண்டுதான். மூன்றாவது கொடுத்தால் அடுத்த நாளிலிருந்து உங்கள் எண்ணுக்கு மதிப்பில்லை. கிளம்பும்போது கையில் ஒரு வேலை கொடுங்கள்: சாவி பிடிப்பது, கதவைத் தட்டுவது. "ஓடாதே" என்பதைவிட "மெதுவா நட" சீக்கிரம் எட்டும். செய்யக் கூடாததைக் கேட்டு, அதற்கு எதிரானதை யோசித்துச் செய்வது அந்த வயதுக்கு இரட்டை வேலை.

வேறு பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடவில்லையே என்று இரண்டு வயதில் கவலைப்படத் தேவையில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே மாதிரிப் பொருளை வைத்து, ஆளுக்கொரு ஆட்டம் ஆடுவதை அமெரிக்கச் சமூகவியலாளர் மில்ட்ரட் பார்ட்டன் 1932-லேயே பக்கத்து விளையாட்டு என்று தனிப் படியாக வகைப்படுத்தியிருக்கிறார். பகிர்ந்துகொள்ளச் சொல்லிப் பிடுங்கிக் கொடுப்பதைவிட ஒரே மாதிரி இரண்டு பொருள் வைப்பது மேல். வேறொரு பிள்ளை வீட்டுக்கு வருமுன், "எந்த மூணு பொம்மையை யாருக்கும் தர வேணாம்?" என்று கேட்டு எடுத்து உள்ளே வைத்துவிட்டால் மற்றவற்றில் தாராளம் வரும்.

திரை பற்றி இரண்டு வரி. ஒரு வயதுப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அதே வழிகாட்டுதலில் ஒன்று முதல் நான்கு வயதுக்கு நாளுக்குக் குறைந்தது 180 நிமிட உடலசைவும் இருக்கிறது. முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதற்கு இடம் கொடுத்தால் முதலாவது பாதி தானாகக் குறையும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். மூன்று வயதுக்குட்பட்டோர் பொம்மைகளைச் சோதிக்க உலகெங்கும் பயன்படும் உருளை ஒன்று உண்டு. அதன் வாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுவதுமாக அடங்கும் எதுவும் குழந்தையின் மூச்சை அடைக்கும் அளவு. பந்துக்கு இது போதாது. உருண்டையாக வழுக்கிப் போய்த் தொண்டையைச் சீராக மூடிவிடும் என்பதால் அதற்கு 44.5 மில்லிமீட்டர் என்று பெரிய அளவு வைத்திருக்கிறார்கள். கழிப்பறைக் காகித உருளையில் போட்டுப் பார்த்தால் போதும் என்று சொல்வதுண்டு. அதன் விட்டம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். சிறு பொருளுக்குச் சரி, பந்துக்குச் சரிவராது. இந்த இரண்டு வட்டங்களையும் உங்கள் பக்கத்தின் ஒரு மூலையில் சரியான அளவில் அச்சிடுங்கள். சுருக்கவோ பெருக்கவோ வேண்டாம். மின்னிதழில் அளவு மாறிவிடும் என்பதால் அச்சிதழில் வெட்டிக்கொள்ளச் சொல்லி ஒரு வரி சேருங்கள். வாசகர்கள் அதைக் கெட்டி அட்டையில் ஒட்டி, இரண்டு வட்டங்களின் உட்பகுதியையும் வெட்டியெடுத்துவிட்டால், சோபாவுக்கு அடியில் கிடைக்கும் பந்தைப் பெரிய ஓட்டையிலும் மற்றவற்றைச் சின்ன ஓட்டையிலும் நுழைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்